மூடியின் உட்புறம்



இத்தொடரிலே உரையாற்றுமாறு என்னை அழைத்தபோது, இந்துக் கல்லூரி ஒன்றிலே தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில், சங்கப் பாடல் ஒன்றைப் பற்றியோ சிற்றிலக்கியம் ஒன்றைப் பற்றியோ நான் பேசுவேன் என்றே தயாரிப்பாளர் எதிர்பார்த்திருப்பார். நான் எடுத்துக்கொண்ட பொருளோ பழைய கைமணிக்கூடுகள். அவற்றைத் தேடிச் சேர்ப்பதும், முன்னோரிடமிருந்து பெற்றுக்கொள்வதும், கையிலே கட்டி மகிழ்வதும் பற்றியே பேசப்போகிறேன். இதற்கும் இலக்கியத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்திருக்க வேண்டும்.

முதலிலே சொல்லைப் பார்ப்போம். தமிழகத்திலே கடிகாரம் என்கிறார்கள். கடிகை என்ற சொல்லோடு உறவுடைய பெயர் அது. கடிகை என்றாலும் நாழிகை என்றாலும் 24 நிமிடம். நாளொன்றுக்கு 60 நாழிகை. ஈழத்திலே நாங்கள் மணிக்கூடு என்கிறோம். மணி குடியிருக்கும் கூடு. பறவை தங்கும் இடத்தையும் உயிர் தங்கும் உடம்பையும் கூடு என்றே சுட்டும் மொழியிலே, நேரம் தங்கும் இடத்துக்கும் அதே பெயரை இட்ட எங்கள் ஊர்க்காரரின் மதிநுட்பத்தை எண்ணி நான் வியப்பதுண்டு.

பத்துப்பாட்டிலே மிகச் சிறியது முல்லைப்பாட்டு. அதிலே போர்ப் பாசறையில் நீர்க்கன்னலைப் பார்த்து மன்னனுக்குப் பொழுது அறிவிக்கும் நாழிகைக் கணக்கர் வருகிறார்கள். அங்கே பாசறையிலே பொழுதை அளக்கிறார்கள். இங்கே வீட்டிலே தலைவி காத்திருக்கிறாள். இந்த இரண்டையும் ஒரே பாட்டிலே வைத்த புலவர் பெரியவர். நேரத்தை அளப்பது ஒரு வேலை. நேரத்தைச் சுமப்பது வேறொரு வேலை. நான் சொல்லப்போகும் மணிக்கூடு இரண்டு வேலையையும் செய்தது.

எனது அப்பப்பா மலாயாப் புகையிரதத்திலே எழுதுநராக இருந்தவர். எங்கள் ஊரிலே அப்படிப் போய் உழைத்து, ஓய்வூதியத்தோடு திரும்பியவர்களை ‘மலாயன் பென்சனியர்’ என்பார்கள். கல்வீடும் கிணறும் ஒரு குடையும் அவர்களது அடையாளங்கள். அப்பப்பாவுக்கு நான்காவதாக ஓர் அடையாளம் இருந்தது. 1952ஆம் ஆண்டிலே கோலாலம்பூரிலே, இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கொடுத்து வாங்கியதாக வீட்டிலே பேசிக்கொள்ளும் ஒமேகா கைமணிக்கூடு. ‘சீமாஸ்ரர்’ என்பது அதன் இனப்பெயர். ஒமேகா நிறுவனத்தின் மூலம் 1848இலே லூயி பிரான்ட் என்பவர் சுவிற்சர்லாந்திலே தொடங்கிய சிறு பட்டறை. அதன் நூறாவது ஆண்டை ஒட்டி, 1948இலே வெளிவந்த வரிசைதான் சீமாஸ்ரர்.

புகையிரதத்திலே வேலை செய்தவர் மணிக்கூட்டின் மீது பற்று வைத்ததிலே வியப்பில்லை. 1891ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலே கிப்டன் என்ற இடத்தில் இரு புகையிரதங்கள் நேருக்கு நேர் மோதின. சாரதி ஒருவரின் மணிக்கூடு நான்கு நிமிடம் நின்று பின்னர் தானாகவே ஓடத் தொடங்கியிருந்ததே காரணம் என்று சொல்லப்பட்டது. அதன் பிறகுதான் வெப் போல் என்ற மணிக்கூட்டு வணிகர் புகையிரத ஊழியர்களின் மணிக்கூடுகளைக் கிரமமாகப் பரிசோதிக்கும் முறையை வகுத்தார். நான்கு நிமிடம் என்பது சில இடங்களிலே உயிர்களின் விலை. அப்பப்பா இந்தக் கதையை அறிந்திருந்தாரோ இல்லையோ, நாள்தோறும் காலையிலே வானொலிச் செய்தியின் மணியோசைக்கு முள்ளைச் சரிபார்க்காமல் தேநீரைத் தொடமாட்டார் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

அந்த மணிக்கூட்டிலே ஒரு விசேடம் இருந்தது. கையின் அசைவிலே தானாக முறுக்கேறும் வகை அது. பிற்காலத்திலே வந்த தானியங்கி மணிக்கூடுகளிலே உள்ளிருக்கும் எடைத்தகடு முழுவட்டமாகச் சுழலும். 1950களின் நடுப்பகுதிவரை ஒமேகா செய்தவற்றிலோ அது முழுவட்டம் சுழலாது. இரு பக்கமும் சிறு சுருள்வில்லிலே மோதி மோதித் திரும்பும். அந்த மோதல் மணிக்கட்டிலே மெல்லிய தட்டாகத் தெரியும். சிறுவயதிலே அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போகும்போது, உள்ளே யாரோ கதவைத் தட்டுவதுபோல் எனக்குத் தோன்றும். “உள்ளுக்கை ஆரப்பா இருக்கினம்?” என்று கேட்டிருக்கிறேன். “அப்பப்பா” என்று அப்பா சிரிப்பார். அப்பப்பா நான் பிறப்பதற்கு முன்னரே காலமாகிவிட்டவர்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் வீட்டை விட்டு நடந்தது. எனக்கு அப்போது பதினான்கு வயது. செம்மணி வெளியிலே, மழையிலே, நாவற்குழிப் பாலத்தை நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்ந்த அந்தச் சனத்திரளைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அப்பா மணிக்கூட்டைக் கழற்றிப் பொலித்தீன் உறையிலே சுற்றி, உறுதிக் கட்டோடும் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களோடும் சேர்த்து இடுப்பிலே கட்டினார். எது வீட்டின் ஆவணம் என்று அவர் கருதினாரோ அவை எல்லாம் ஒரே முடிச்சிலே இருந்தன. தென்மராட்சியிலே சில மாதம். பின்னர் 1996 ஏப்ரலிலே கிளாலிக் கடல்நீரேரியைத் தாண்டி வன்னி. மல்லாவிப் பக்கத்திலே ஓர் ஓலைக் கொட்டில்.

வன்னியிலே அப்போது இரண்டு விசித்திரங்கள் நடந்தன. இரண்டும் மணிக்கூட்டோடு தொடர்புடையவை.

ஒன்று, பற்றரித் தடை. பொருளாதாரத் தடையிலே பற்றரியும் அடங்கும். நவீனமான குவார்ட்ஸ் மணிக்கூடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. அவற்றின் வரலாற்றை இங்கே சற்றுச் சொல்ல வேண்டும். 1969ஆம் ஆண்டு டிசெம்பர் 25ஆம் நாள் யப்பானின் சீக்கோ நிறுவனம் முதலாவது குவார்ட்ஸ் கைமணிக்கூட்டைக் கடைக்குக் கொண்டுவந்தது. சக்கரமும் வில்லும் சேர்ந்து வினாடிக்கு ஐந்தாறு முறை அடிக்கும் இயந்திரத்துக்குப் பதிலாக, மின்னிலே அதிரும் சிறு படிகம். இன்றைய சாதாரண குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. மலிவிலும் துல்லியத்திலும் அதனோடு போட்டியிட முடியாமல் சுவிற்சர்லாந்தின் பட்டறைகள் வரிசையாக மூடப்பட்டன. 1970 அளவிலே ஏறத்தாழ 90,000 பேர் செய்த தொழிலை 1980களின் நடுப்பகுதியிலே ஏறத்தாழ 30,000 பேர்தான் செய்தார்கள். உலகத்திலே குவார்ட்ஸ் வென்றது. வன்னியிலே தோற்றது. அங்கே முறுக்கு மணிக்கூடு வைத்திருந்தவனே நேரம் தெரிந்தவன். பரணிலே கிடந்த பாட்டன்மாரின் மணிக்கூடுகள் மீண்டும் கைகளுக்கு ஏறின.

இரண்டாவது விசித்திரம், நேரமே இரண்டாகப் பிரிந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக 1996 மே மாதம் இலங்கையின் நேரம் ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தப்பட்டது. ஒக்டோபரிலே அதில் அரை மணித்தியாலம் குறைக்கப்பட்டது. பழைய நேரத்துக்கு நாடு திரும்பியது 2006 ஏப்ரலிலேதான். நாங்கள் வாழ்ந்த பகுதியிலோ பழைய நேரமே நடைமுறையில் இருந்தது. ஆகவே ஒரே தீவிலே, ஒரே சூரியனின் கீழே, இரண்டு நேரங்கள். “உங்கட நேரமோ, எங்கட நேரமோ?” என்று கேட்காமல் எவரும் எவரோடும் சந்திப்பு வைக்க முடியாது.

எங்கள் கொட்டிலிலே ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. அதற்கும் பற்றரி இல்லை. அப்பாவின் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்னிலே வானொலி கேட்போம். நான் சுற்றுவேன், தங்கை பெட்டியைக் காதோடு வைத்திருப்பாள். சுற்று தளர்ந்தால் குரலும் தளரும். கவியரங்கம் ஒன்றின் நடுவிலே கை களைத்து, கவிஞர் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் மங்கிப் போனதை நினைத்து இப்போதும் நாங்கள் சிரிப்போம். இலக்கியம் என்ற ஒன்று எனக்குள்ளே விழுந்தது அந்தச் சில்லின் சுழற்சியிலேதான்.

1997ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே அப்பாவின் கை வெறுமையாக இருப்பதைக் கண்டேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் காலத்திலே வீட்டிலிருந்து ஒரு பொருள் காணாமற்போனால் அது அரிசியாகிவிட்டது என்பது எங்களுக்குத் தெரியும். அம்மாவின் காப்பு அப்படிப் போனது. தையல் இயந்திரம் அப்படிப் போனது. நவம்பர் மாதத்திலே டைனமோவும் காணாமற்போனது. “பழுதாப் போச்சு” என்றார் அப்பா. எனக்குக் கோபம் வந்தது. வானொலியையும் பறித்துவிட்டாரே என்று மூன்று நாள் அவரோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

டிசெம்பரிலே எனக்குக் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை. முதல்நாள் மாலை அப்பா அந்த ஒமேகாவை மடியிலிருந்து எடுத்து எனது கையிலே கட்டினார். விற்றுவிட்டதாக நாங்கள் எண்ணியிருந்த மணிக்கூடு! “கழட்டி வைச்சிருந்தனான்” என்று மட்டும் சொன்னார். பிறகு, “பரீட்சை நாடு முழுக்க ஒரே நேரத்திலை. அதாலை அரை மணித்தியாலம் கூட்டி வைச்சிருக்கிறன். இதைப் பார்த்து எழுது. வேறை ஆரையும் கேளாதை” என்றார். அந்த மண்டபத்திலே எனது மேசைக்கு மட்டும் கொழும்பின் நேரம் இருந்தது. தமிழ் வினாத்தாளுக்கு விடை எழுதும்போது மணிக்கட்டிலே அந்த மெல்லிய தட்டு கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பாவின் தந்திரம் எல்லாம் அந்த அரை மணித்தியாலம்தான் என்று நினைத்தேன். அதற்குமேல் நான் எதையும் விசாரிக்கவில்லை.

நேயர்களே, எனது கதையை இங்கே சற்று நிறுத்திவிட்டு, உலகத்திலே இந்த மணிக்கூடுகளின் பெயராலே நடக்கும் ஒரு பெரிய வணிகத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

இலங்கையின் நேரம் மாறிய அதே 1996ஆம் ஆண்டிலே, ஜெனீவாவின் பற்றேக் பிலிப் நிறுவனம் ஒரு விளம்பரத்தை வெளியிடத் தொடங்கியது. இந்த மணிக்கூடு உமக்குச் சொந்தமானதல்ல, அடுத்த தலைமுறைக்காக நீர் அதைப் பராமரிக்கிறீர், அவ்வளவுதான் என்பது அதன் கருத்து. விளம்பரமே ஆனாலும் நல்ல கருத்து. எங்கள் ஊரிலே காணியைப் பற்றி இப்படித்தான் சொல்வார்கள். அந்த நிறுவனம் 1933ஆம் ஆண்டு ஓர் அமெரிக்கச் செல்வருக்குக் கையளித்த, 24 வகை நுட்பங்கள் அடங்கிய சட்டைப்பை மணிக்கூடு, 2014ஆம் ஆண்டு ஜெனீவா ஏலத்திலே 2 கோடியே 32 இலட்சம் சுவிஸ் பிராங்குக்கு விலைபோனது.

எனக்குப் பிடித்தது வேறொரு கதை. அமெரிக்க நடிகர் போல் நியூமன் காரோட்டப் பந்தயத்திலே பித்துக்கொண்டவர். அவருடைய மனைவி ஒரு ரோலெக்ஸ் டேற்றோனா மணிக்கூட்டை வாங்கி, அதன் பின்மூடியிலே, கவனமாக வண்டியோட்டும்படி ஒரு சிறு வாசகத்தைப் பொறித்துக் கொடுத்தார். 1984ஆம் ஆண்டு ஒருநாள் நியூமன் தம் மகளின் நண்பரான இளைஞரிடம் நேரம் கேட்டார். தன்னிடம் மணிக்கூடு இல்லை என்றார் அவர். நியூமன் தமது கையிலிருந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். 2017ஆம் ஆண்டு ஒக்டோபரிலே நியூயோர்க் ஏலத்திலே அது 1 கோடியே 77 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோனது. அதே வகை மணிக்கூடுகள் வேறும் உண்டு. அவை இந்த விலையின் அருகிலேகூட வரவில்லை. அப்படியானால் வாங்கியவர் கொடுத்த விலை எதற்கு? உருக்குக்கும் கண்ணாடிக்குமா? ஒரு மனைவியின் அச்சத்துக்கும், ஒரு மனிதனின் கொடைக்கும் அல்லவா?

கோடீசுவரரை விட்டுவிடுவோம். ஓர் ஆசிரியனின் சம்பளத்திலும் இந்த ஆசைக்கு இடமுண்டு. என்னிடம் இப்போது பதினொரு மணிக்கூடுகள் இருக்கின்றன. மத்திய கிழக்கிலே உழைத்த எங்கள் ஊரவர் ஒருவர் கட்டித் தேய்த்த ‘சீக்கோ 5’ ஒன்று. இந்தியாவின் எச்.எம்.ரி. நிறுவனத்தின் ‘ஜனதா’ ஒன்று. 1961இலே பெங்களூரிலே யப்பானின் சிற்றிசன் நிறுவனத்தின் கூட்டோடு மணிக்கூடு செய்யத் தொடங்கிய அரச நிறுவனம் அது. 2016இலே அதன் மணிக்கூட்டுப் பிரிவை மூட இந்திய அரசு முடிவுசெய்தது. மூடிய பிறகுதான் இளைஞர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். இருக்கும்போது காணாத அருமை, இல்லாதபோது தெரிகிறது. மனிதருக்கும் இதுவே விதி.

சேகரிப்பாளர்களின் உலகத்திலே புகுந்தபோது ஓர் உண்மை எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. அவர்கள் செய்வது சுவடிப் பதிப்பு! சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஏட்டுச் சுவடிகளிலே எதைத் தேடினார்களோ, அதையே இவர்கள் மணிக்கூட்டிலே தேடுகிறார்கள். மூலபாடம் எது? பின்னாலே வந்தவர் திருத்தியது எது? இடைச்செருகல் எங்கே? முகப்பிலே உள்ள எழுத்தின் தடிப்பை உருப்பெருக்கிக் கண்ணாடியிலே பார்க்கிறார்கள். முள் அந்த ஆண்டுக்கு உரியதுதானா என்று ஆராய்கிறார்கள். இயந்திரத்திலே பொறித்த இலக்கத்தைக் கொண்டு காலத்தை ஏறத்தாழக் கணிக்கிறார்கள். பழுப்பேறிய முகப்பையே அவர்கள் விரும்புகிறார்கள். வெயிலிலே கறுப்பு நிறம் மண்ணிறமாக மாறியிருந்தால் அதற்கு மேலும் விலை.

இடைச்செருகல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் சான்று உண்டு. 1957ஆம் ஆண்டின் ‘ஸ்பீட்மாஸ்ரர்’ என்று சொல்லப்பட்ட, மண்ணிற முகப்புடைய ஒமேகா ஒன்று 2021 நவம்பரிலே ஜெனீவா ஏலத்திலே 31 இலட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் விலைபோனது. 2023இலே, அது பல மணிக்கூடுகளின் உறுப்புக்களை ஒன்றுசேர்த்து உருவாக்கியது என்று ஒமேகா நிறுவனமே அறிவித்தது. பாட்டும் இருக்கிறது, அடியும் இருக்கிறது, சீரும் தளையும் சரியாக இருக்கின்றன. புலவர் மட்டும் ஒருவரல்லர். தமிழ் மாணவருக்கு இது புதிய செய்தியா?

இவ்வளவும் அறிந்தவன் என்று நான் இப்போது பேசுகிறேன். அறியாத காலத்திலே நான் செய்த ஒரு பிழையை இனிச் சொல்ல வேண்டும்.

அப்பா 2016ஆம் ஆண்டு காலமானார். ஒமேகா எனக்கு வந்தது. முகப்பு பழைய ஓலையின் நிறத்திலே இருந்தது. எண்களிலே ஒன்றிரண்டு மங்கியிருந்தன. பின்மூடியிலே அப்பப்பா ஊசியாலே தாமே கீறிய தமது பெயரின் முதலெழுத்துக்கள் கோணல்மாணலாக இருந்தன. அடுத்த ஆண்டு விடைத்தாள் மதிப்பிடும் பணிக்காகக் கொழும்புக்குப் போனபோது, அப்பாவின் நினைவுக்குச் செய்யும் மரியாதை என்று எண்ணி, ஒரு கடையிலே கொடுத்து, “புதிது போலாக்கித் தாருங்கள்” என்றேன். நான் கேட்டதையே அவர்கள் செய்தார்கள். முகப்புக்குப் புதிய வெள்ளை வண்ணம். எழுத்துக்களைப் புதிதாக அச்சிட்டிருந்தார்கள். அடியிலே மிகச் சிறிய எழுத்திலே இருந்த சுவிஸ் தயாரிப்பு என்ற குறிப்பு காணாமற்போயிருந்தது. உறையைத் தேய்த்துப் பளபளப்பாக்கியதிலே அப்பப்பாவின் எழுத்துக்கள் அழிந்துவிட்டன.

கையிலே வாங்கியபோது மகிழ்ந்தேன். அறைக்கு வந்து கட்டிலிலே இருந்து பார்த்தபோதுதான் வயிற்றிலே ஏதோ விழுந்தது. இது யாருடைய மணிக்கூடு? பாடபேதத்தைப் பற்றி உயர்தர வகுப்பிலே ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவன், வீட்டிலிருந்த ஒரேயொரு மூல ஏட்டைச் சுரண்டி எழுதுவித்தேன். கடைக்காரர் மீது எனக்குக் குறை இல்லை. ‘புதிது போல்’ என்று கேட்டவன் நான். அதைப் பெட்டியிலே வைத்துப் பூட்டினேன். ஆறு ஆண்டு கட்டவில்லை. கட்டினால் அப்பாவின் கையைப் பிடித்ததுபோல் இருக்காது என்ற அச்சம்.

2023ஆம் ஆண்டிலே எனது மகள், அவளுக்கு அப்போது பத்து வயது, பெட்டியைத் திறந்து மணிக்கூட்டைக் காதிலே வைத்தாள். “அப்பா, இது இடைக்கிடை நிக்குது” என்றாள். யாழ்ப்பாணத்திலே ஒரு சிறு ஒழுங்கையிலே மணிக்கூடு திருத்தும் முதியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். முகப்பைப் பார்த்ததும், “ஆரோ வெள்ளையடிச்சுப்போட்டாங்கள், மாஸ்ரர்” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பின்மூடியைத் திருகித் திறந்து, கண்ணிலே கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இயந்திரத்தைப் பார்ப்பதற்குப் பதிலாக மூடியின் உட்புறத்தை வெளிச்சத்திலே பிடித்தார். பிடித்தபடியே வெகுநேரம் இருந்தார்.

“வாங்கோ, வந்து பாருங்கோ” என்றார்.

பழைய காலத்துத் திருத்துநர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. மணிக்கூட்டைத் திறந்து துப்புரவாக்கி மூடும்போது, மூடியின் உட்புறத்திலே ஊசிமுனையாலே திகதியையும் தமக்குரிய ஓர் அடையாளத்தையும் கீறிவிடுவார்கள். அடுத்து எப்போது எண்ணெய் இடவேண்டும் என்பதை அறிவதற்கான குறிப்பு அது. உரிமையாளனுக்கு அது தெரியவே தெரியாது. உலகமெங்கும் இந்த வழக்கம் உண்டு. சுவடியின் இறுதியிலே, இன்ன நாளிலே இன்னார் எழுதி முடித்தது என்று ஏடெழுதுவோர் எழுதி வைப்பார்களே, அதைப் போன்றது.

கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். முதலாவது, ஆங்கில எழுத்து இரண்டு, 57 என்ற இலக்கம். அது மலாயாவாக இருக்கவேண்டும். பிறகு 9-61. அப்பப்பா ஊருக்கு வந்த மறு ஆண்டு. பிறகு 3-74. அதன் கீழே, 82. வெளியிலே தேய்த்த கை உள்ளே வரவில்லை. எல்லாம் அப்படியே இருந்தன. கடைசியாக, ஒரு சிறு ஓரத்திலே, மற்றவற்றைவிட ஆழமாக, நடுங்காத கையாலே ஒரு திகதி கீறப்பட்டிருந்தது.

28-11-97.

“இது புது வில்லுப் போட்ட வேலை. பழைய வில்லு உடைஞ்சிருக்கும். அந்த நேரம், இயக்கச்சிக்கு அங்காலை, இந்த மணிக்கூட்டுக்கு வில்லு எங்கையப்பா எடுத்தவை?” என்று முதியவர் தமக்குள்ளே வியந்துகொண்டார். எனக்கு வேறொரு கணக்கு ஓடியது. நவம்பர் 28. பரீட்சைக்குச் சில நாள் முன்பு. அப்படியென்றால் மணிக்கூடு விற்கப்படவும் இல்லை. சும்மா கழற்றி வைக்கப்படவும் இல்லை. அது உடைந்து கிடந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்: “அப்ப என்ன, தெரியாதே? டைனமோவை வித்துத்தானே கொப்பா அதைத் திருத்தினவர். பிள்ளை சோதினைக்கு நேரம் தெரியாமல் இருக்கப் போகுது எண்டு மூண்டு நாள் அலைஞ்சவர். உன்னட்டைச் சொல்லவேண்டாம் எண்டவர். நீ ரேடியோப் பைத்தியமெல்லே.”

இருபத்தாறு ஆண்டு. அந்த மூன்று நாள் நான் அவரோடு பேசாமல் இருந்ததும், அவர் மணிக்கூட்டு வில்லைத் தேடி மூன்று நாள் அலைந்ததும் ஒரே மூன்று நாள்தானா என்று அம்மாவிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

நேயர்களே, நாளென்பது உயிரை அறுக்கும் கருவி என்று கண்டவர் வள்ளுவர். அது உண்மை. ஆனால் அதே நாளை ஒருவன் மற்றொருவனுக்காக விலைகொடுத்து வாங்கிக் கையிலே கட்டிவிடவும் முடியும் என்பதை எனது தகப்பனாரிடம் நான் காலந்தாழ்த்திக் கற்றேன். எனது மணிக்கூட்டுக்கு இன்று சந்தையிலே பெரிய விலை இல்லை. முகப்புக்கு வெள்ளையடித்த மணிக்கூட்டைத் தேர்ந்த சேகரிப்பாளர் எவரும் விரும்பமாட்டார். அவர்கள் சொல்வது சரி. நானும் அவர்களது கட்சிதான். உங்கள் வீட்டிலே பரணிலோ அலுமாரியிலோ ஒரு பழைய மணிக்கூடு கிடந்தால் எனது பிழையை நீங்கள் செய்யாதீர்கள். ஓடவில்லையென்றால் இயந்திரத்தைத் துப்புரவாக்குங்கள். முகத்தைத் தொடாதீர்கள். பழுப்பு நிறத்தை அழுக்கு என்று எண்ணாதீர்கள். திருத்துநர் மூடியைத் திறக்கும்போது பக்கத்திலே நில்லுங்கள்.

அந்த முதியவர் வேலையை முடித்துவிட்டு ஊசியைக் கையிலே எடுத்தார். “மாஸ்ரர், நானும் ஒண்டு போடட்டோ?” என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். “போடுங்கோ ஐயா” என்றேன். அப்பாவின் திகதிக்குக் கீழே, இடம் பார்த்து, மெல்லக் கீறினார். அதற்குக் கீழே இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது.

இப்போது அது எனது கையிலே இருக்கிறது. ஒலிவாங்கிக்கு அருகே கையை அசைத்தால் அந்தத் தட்டு உங்களுக்கும் கேட்குமோ என்னவோ. கண்ணாடிக்கு அப்பாலே தயாரிப்பாளர் விரலைக் காட்டுகிறார். எனக்குத் தந்த பதினைந்து நிமிடம் முடிந்துவிட்டது.